உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

முடி கொட்டுகிறது என்று யார் வந்து சொன்னாலும், கொட்டிய முடியைக் கொண்டுவந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். குடும்பநல உத்தியோகத்தராக 29 வருடங்கள் மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கத்தில் வீடு வீடாகப் போனவள் நான். தாய்மார் பிள்ளையின் நிறையைப் பற்றிக் கேட்டு முடித்ததும், குரலைத் தாழ்த்திக் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் முடியைப் பற்றியதாகவே இருக்கும். எந்த எண்ணெய் நல்லது என்பார்கள். எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன வருடம் மாசி மாதம் பக்கத்து வளவுப் பிள்ளை எங்கள் குசினி வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். உயர்தரம் படிக்கிறவள். மடித்த பத்திரிகைத் தாளுக்குள் ஒரு பிடி முடி வைத்திருந்தாள். "மாமி, எல்லாம் போய்விடும்போல இருக்கிறது" என்றாள். அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, முடிகளை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக முனையைப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு முனையில் மட்டும், கடுகிலும் மிகச் சிறியதாக, ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டேன். கார்த்திகைக் கடைசியில் டெங்கு, ஐந்து நாள் வார்ட்டில் இருந்தாளாம். காரணம் அதுதான்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடங்கள் வரை, மாதத்துக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில் வளரும். பிறகு வளர்ச்சியை நிறுத்தி மூன்று மாதங்கள் போல் ஓய்ந்திருந்து விழும். அதே குழியிலிருந்து புதியது முளைக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய சத்திரசிகிச்சை, மெலிவதற்காகப் பட்டினி கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும்போது, வந்துபோன காய்ச்சல் யாருக்கும் நினைவிருக்காது. அந்த வாரம் மாற்றிய ஷாம்பூவின் மேல் பழி விழும்.

அந்த வெள்ளைக் குமிழைப் பார்த்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அது வேர் அல்ல. தன் காலம் முடிந்த முடியின் அடி அது. வேர் தோலுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மாதக் கணக்கை அவர்கள் மிகச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். ஆனால் காரணம் பிள்ளையின் பார்வை அல்ல. கர்ப்ப காலத்தில் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் பிரசவத்தோடு சட்டென்று இறங்குவதால், அதுவரை விழாமல் நின்ற முடிகள் மூன்றாம் நான்காம் மாதத்தில் விழுகின்றன. இந்த உதிர்வை எந்த எண்ணெயும் நிறுத்தாது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். பக்கத்து வளவுப் பிள்ளைக்கு ஆனி மாதமே நெற்றியோரத்தில் ஒரு அங்குல நீளத்துக்குப் புதுமுடி குத்திட்டு நின்றது. நன்றாகச் சாப்பிட வைத்ததைத் தவிர அவளுடைய தாய் வேறெதுவும் செய்யவில்லை.

தட்டில் பரப்பிய முடியில் குமிழே இல்லாமல், துண்டு துண்டாக, நுனி இரண்டாகப் பிளந்து கிடந்தால் கதை வேறு. அது உதிரவில்லை, முறிந்திருக்கிறது. முறிவுக்கு நம் கையும் நீரும் சீப்பும்தான் காரணம். வீட்டிலேயே முழுமையாகத் திருத்தக்கூடியது அதுதான்.

இதை நான் என் தலையில்தான் படித்தேன். பிறந்து வளர்ந்தது கொக்கட்டிச்சோலையில். குளத்தில் முழுகி வளர்ந்த முடி, இடுப்புக்குக் கீழே கிடக்கும். மண்முனைத் துறையில் பாலம் வருவதற்கு வெகுகாலம் முன்னர், கலியாணம் முடித்துத் தோணியேறி வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வந்தேன். ஒரு வருடத்துக்குள் முடி தேங்காய்த் தும்பைப்போல் ஆகிவிட்டது. சீப்பு நடுவழியில் நின்றுவிடும். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து இன்னும் பூசினேன், இன்னும் மோசமானது. எங்கள் வளவுக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தினமும் பார்த்தேன். ஆனால் அதையும் என் தலையையும் சேர்த்து யோசிக்கச் சில வருடங்கள் பிடித்தன.

அந்தக் கிணற்று நீர் கல்சியம், மக்னீசியம் கலந்த வன்னீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது. அந்த உப்புகளும் சவர்க்காரமும் சேர்ந்து மெழுகுபோன்ற ஒரு படிவாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். நானோ உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கேத்தலிலும் வெள்ளை படிந்தால், இன்றோடு தலைக்குச் சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். சாதாரண ஷாம்பூ வன்னீரில் அப்படிப் படியாது, விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அவித்து வடித்த சீயாக்காயும் நல்லதுதான், தூளாக அப்பினால்தான் கரகரவென்று முடியை உரசும். கடைசியாக ஊற்றும் நீருக்கு, இரண்டு லீற்றரில் பாதித் தேசிக்காயின் சாற்றைப் பிழிந்து, முடியின் நீளத்தில் மட்டும் ஊற்றி, அதன் பிறகு ஒரு செம்பு வெறும் நீர் ஊற்றுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும், ஆகவே கழுத்தையும் கையையும் கழுவாமல் வெளியே போகாதீர்கள். மாரியில் மழைநீர் கிடைக்கும்போது அதையே கடைசி நீராக வைத்துக்கொள்ளலாம், அதைவிட மென்மையான நீர் இல்லை. பீப்பாவை இறுக மூடி வையுங்கள். நுளம்பு பெருகினால் டெங்குவில் போய் நிற்கும்.

இனி முழுகும் முறை. தலையை நனைப்பதற்கு முன்பே சிக்கை எடுத்துவிடுங்கள். ஷாம்பூவைக் கோப்பையில் கொஞ்சம் நீர் விட்டுக் கரைத்து, மண்டைத் தோலில் மட்டும் விரல் நுனிச் சதையால் தேயுங்கள், நகம் படக்கூடாது. முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். வழிந்து வரும் நுரையே நீளத்துக்குப் போதும். வாரத்துக்கு இரண்டு தடவை பலருக்குச் சரியாக இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேர்வையும் புழுதியும் சேர்ந்தால் மூன்றாக்கலாம். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடலில் இறங்கினால் அன்றே நல்ல நீரில் அலசிவிடுங்கள்.

முழுகிய பிறகுதான் பெரும்பாலான முடி முறிகிறது. ஈரமான முடி இழுத்தால் நீளும், கொஞ்சம் கூட இழுத்தால் அறும். துவாயால் முறுக்கிப் பிழிந்து, அதே துவாயைத் தலையில் இறுக்கிக் கொண்டை கட்டி, அரைமணி நேரம் சமைத்துவிட்டு, அவிழ்த்த கையோடு நெருக்கமான சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது! வீட்டில் பழைய பருத்திச் சாரம் ஒன்று கிடக்கும், அதை எடுத்து முடியைப் பிடிப்பிடியாக அழுத்தி ஈரத்தை ஒற்றுங்கள், உரச வேண்டாம். அரைவாசி காய்ந்ததும் பற்கள் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி நாலு விரல் நீளம் சிக்கு நீங்கியதும் அதற்கு மேலே நாலு விரல், பிறகு அதற்கு மேலே. என் முடிக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அவசரமான நாளில் முழுகாமல் விடுவதே மேல்.

செவ்வரத்தை இலையைப் பற்றிக் கேட்பீர்கள். ஒற்றை இதழ்ச் சிவப்புச் செவ்வரத்தையில் பதினைந்து இலை பறித்துக் கழுவி, ஒரு கோப்பை நீரில் கையால் பிசையுங்கள். நீர் முட்டை வெள்ளைபோல் வழுவழுப்பாகும். துணியில் வடித்து, முழுகிய முடியின் நீளத்தில் தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், முறிவு குறையும். அது முடியை முளைக்க வைக்கும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

எண்ணெய்க்கும் அதேதான். தேங்காய் எண்ணெய் முடியை வளர்ப்பதில்லை, வளர்ந்த முடியைக் காக்கிறது. மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் முடியின் மேலேயே நிற்கும், தேங்காய் எண்ணெயில் உள்ள லோரிக் அமிலம் முடிக்குள்ளேயே ஊறிப் போகும். தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு, கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்ததாகக் கண்டது. ஆகவே எண்ணெய் பூச வேண்டியது முழுகுவதற்கு முன்பு. முதல்நாள் இரவு, அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நீளத்திலும் நுனியிலும் தடவிப் பின்னிவிடுங்கள். முழுகியபின் வழிய வழியப் பூசிக்கொண்டு வீதிப் புழுதியில் போவதால் அழுக்குத்தான் ஒட்டும்.

என் பெத்தா, அதாவது பாட்டி, காய்ச்சியதைப்போலவே இன்றும் நான் வீட்டில் காய்ச்சுகிறேன். முற்றிய தேங்காய் ஐந்து துருவி, கெட்டியாகப் பால் பிழிந்து, இரவு முழுவதும் மூடி வைத்தால் மேலே தடித்த ஆடை திரளும். அதை மட்டும் அள்ளி, அடி கனத்த சட்டியில், சின்ன நெருப்பில் வைத்து அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால் கொதிக்கும், பிறகு திரளும், பிறகு சடசடவென்று சத்தம் கேட்கும். நீர் முழுவதும் போனதும் அந்தச் சத்தம் அடங்கும். காதைச் சட்டிப் பக்கம் வைத்திரு மகள் என்பார் பெத்தா. சத்தம் அடங்கி, கசடு இளம் பொன்னிறமாகும்போது இறக்கிவிட வேண்டும், கறுத்தால் எண்ணெயில் கருகல் வாடை ஏறும். ஆறியதும் உலர்ந்த துணியில் வடித்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாத போத்தலில் ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் காறல் அடிக்கும். ஏறத்தாழ கால் லீற்றர் கிடைக்கும். கசடில் சீனி தூவிக் கொடுத்தால் பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்பார்கள். கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போடுவது உங்கள் விருப்பம், நான் வாசனைக்காகப் போடுகிறேன்.

சொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய் வைக்காதீர்கள். தோலில் எப்போதும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சணம் எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகுவதால்தான் சொடுகு வருகிறது. வறட்சி என்று நினைத்து எண்ணெய் வைப்பது அதற்குச் சோறு போடுவதாகும். பாமசியில் கிடைக்கும் 2 வீதக் கீற்றோகொனசோல் ஷாம்பூவை வாரத்துக்கு இரண்டு தடவை, நுரைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி, நான்கு வாரம் பாருங்கள்.

உண்மையில் முடியை வளர்ப்பது சோற்றுக் கோப்பைதான். அதிலும் சோறு அல்ல, கறி. முடி புரதத்தால் ஆனது. ஒரு மலை சோற்றுக்கு ஒரு துண்டு மீன் என்ற கணக்கை மாற்றி முட்டை, சூடை மீன், நெத்தலி, கௌப்பி, பயறு என்று தினமும் ஏதாவது இரண்டு சேருங்கள். பெண்பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இரும்புச்சத்துக் குறைவு முடி மெலிவதற்கு ஒரு பெரிய காரணம். முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து, அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யா தின்று பாருங்கள், இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். எத்தனை வீடுகளில் இதைச் சொல்லியிருப்பேன், இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பாடசாலைப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னலை நெற்றித்தோல் இழுபடும்படி இறுக்காதீர்கள். வருடக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோரத்து முடி திரும்ப வராமலே போகலாம். பின்னிய பிறகு புருவத்தை உயர்த்தப் பிள்ளைக்கு நோகக்கூடாது, அதுதான் அளவு. வெறும் ரப்பர் வளையம் போடாமல் துணி சுற்றியதைப் போடுங்கள், இரவில் தளரப் பின்னுங்கள்.

பேனுக்கு மண்ணெண்ணெய் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கழுத்தெல்லாம் கொப்புளம் கண்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அடுப்பருகே போனால் உயிருக்கே ஆபத்து. ஈரமுடியில் கண்டிஷனர் தாராளமாகத் தடவி, பேன்சீப்பால் வகிடு வகிடாக வாருங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் விடாமல் வார வேண்டும். வீட்டில் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் போதாத இடங்களும் உண்டு. நாணயம் போல வட்டமாக முடி போயிருந்தால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பிள்ளையின் தலையில் செதிலோடு முடி முறிந்த வட்டம் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்குக் குடிக்கும் மருந்து வேண்டும். வகிடு அகன்றுகொண்டே போனாலும், உதிர்வு ஆறு மாதம் தாண்டினாலும், மாதவிடாய் குழம்பினாலும், காரணமில்லாமல் களைத்தாலும் வைத்தியரிடம் போய் இரத்தத்தில் இரும்பையும் தைரொயிட்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தைரொயிட் சோதனையின் முடிவையே அது பிழையாகக் காட்டிவிடும். போகும்போது கொட்டிய முடியை ஒரு தாளில் மடித்துத் திகதி எழுதி, கடைசியாகக் காய்ச்சல் வந்த மாதத்தையும் குறித்து, குடிக்கும் மாத்திரைகளின் அட்டையோடு கொண்டு போங்கள்.