ஒரு ஜீப் பயணம், நாலு சன்மானம்: எல்லையோரத்திலிருந்து இதழ்களுக்கு எழுதுவது

1941-ல் தொடங்கிய கல்கி 2020-ல் அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. அச்சில் நிற்கும் இதழ்களும் மெலிந்துவிட்டன. ஒரு அலைச்சலுக்கு ஒரு கட்டுரை என்றால் பஸ் செலவுக்கே கட்டாது. அதையே மூன்று நாலு உருவில் விற்க வேண்டும். கம்பம், போடி, செங்கோட்டை, பாலக்காடு பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலையாளத்தில் ஒட்டிய தொழிற்சங்க நோட்டீஸைப் படித்துவிட்டு, தமிழில் ஆளோடு பேச முடிகிறவர் சென்னை அலுவலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். போடியிலும் இடுக்கி புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. விடிவதற்குள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளில் தோட்ட வேலைக்குப் பெண்கள் போகிறார்கள். விவசாய இதழுக்கு ஏல விலை, பெண்கள் இதழுக்கு ஜீப்பும் கூலியும், இணையத்துக்கு 90 விநாடி வீடியோவோடு 300 சொல், மலையாள இதழுக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பார்வை. பத்திகளை வெட்டி ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். பேட்டி கொடுப்பவரையாவது மாற்றுங்கள்.

முழுக் கட்டுரையை முதலிலேயே அனுப்பாதீர்கள். "ஏலக்காய் விவசாயம் பற்றி எழுதலாமா?" என்று கேட்டால் பதிலே வராது. இப்படிக் கேளுங்கள்: "ஏலக்காய் விலை ஏறிய வாரத்தில் கூலியும் ஏறியதா? போடிமெட்டு ஜீப்பில் போகும் மூன்று பெண்களின் வாரக் கணக்கோடு 700 சொல், 6 படம். பத்தாம் நாள் தருகிறேன்." பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு வேறு இதழ். ஒரே உருவை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் அடைபடும்.

கட்டுரையை யூனிகோடில் அனுப்புங்கள், கூடவே ஒரு பிடிஎஃப். லேஅவுட்டில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் உடையும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த பிடிஎஃப் வேண்டும். 7 அங்குல அகலத்தில் அச்சாகும் படத்துக்கு 2,100 பிக்சல் அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பலர் கோட்டை விடுவது உரிமையில். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்திடாமல் உரிமை கைமாறாது. எழுதிக் கொடுத்தும் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு. கையெழுத்துக்கு வரும் தாளில் "எல்லா உரிமைகளும்" என்று இருந்தால் அடித்துத் திருத்தக் கேளுங்கள். மெயிலிலும் ஒரு வரி: "அச்சிலும் உங்கள் இணையதளத்திலும் ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி, ஆடியோ, மொழிபெயர்ப்பு உரிமை என்னுடையது."

சன்மானம் கட்டுரையை ஏற்றதும் வருமா, வெளியானதும் வருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்டுத் தொகை வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் கொடுக்காவிட்டால் 20. பிடித்தது வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேரளாவிலிருந்து சென்னைக்கு பில் போடுகிறோமே என்று ஜிஎஸ்டி பதிவுக்கு ஓட வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.