மர வளையத்தால் ஓர் அகழாய்வுத் தளத்தின் காலத்தைத் திருத்துவது எப்படி?

கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் உள்ள, வைக்கிங்குகளின் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின்) குடியிருப்பை வெகுகாலம் "சுமார் கி.பி. 1000" என்றே குறித்துவந்தார்கள். 2021-இல் அங்கு மரம் வெட்டப்பட்ட ஆண்டே தெரிந்தது: 1021. வளையங்களை எண்ணுவதோடு அவற்றின் கார்பன்-14-ஐயும் (கதிரியக்கக் கார்பன்) அளந்து இதைக் கண்டார்கள். ஒப்பிட நீண்ட வளைய வரிசை கிடைக்காத தளங்களுக்கு இந்த முறை பெரிய வரம்.

முதல் வேலை, மரத்துண்டைத் தேர்வதுதான். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தே ஆகவேண்டும். வெளிறு (வெளிப்புற மென்மரம்) உதிர்ந்து வைரம் (உள் கடினமரம்) மட்டும் மிஞ்சினால் வெட்டிய ஆண்டு கிடைக்காது. இரும்புக் கருவியின் வெட்டுத்தடமும் வேண்டும். இல்லையேல் அது தானாக விழுந்த மரமாகவும் இருக்கலாம்.

ஈரத்தில் ஊறிய மரத்தில் உப்புத்தாள் போடாதீர்கள், நார் கலைந்துவிடும். புது பிளேடால் குறுக்கே மெல்லச் சீவி, நுண்ணோக்கியில் பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணுங்கள். இருவர் தனித்தனியே எண்ணுவது நல்லது. வறட்சியில் ஒரு வளையம் விடுபடலாம், ஒரே ஆண்டில் கூடுதலாகப் பொய் வளையமும் தோன்றலாம்.

அடுத்து வளையங்களைத் தனித்தனியே பிரித்து, மரநாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் மட்டும் எடுத்துக் கார்பன்-14 அளக்க வேண்டும். பதப்படுத்தப் பூசிய பாலிஎத்திலீன் கிளைகாலை முழுக்கக் கழுவாவிட்டால் அதிலுள்ள பழைய கார்பன் அளவைக் கெடுக்கும். 993-ஐ ஒட்டி உலகெங்கும் கார்பன்-14 ஏறத்தாழ 1 சதவீதம் எகிறியது. அந்த எகிறல் தெரியும் வளையம் 993-க்கு உரியது; அதிலிருந்து பட்டைவரை 28 ஆண்டுகள், ஆக 1021. மூன்று வெவ்வேறு மரங்களிலும் இதே கணக்கு வந்ததால்தான் முடிவு உறுதியானது.

1021 என்பது மரம் வெட்டிய ஆண்டு. குடியேறிய ஆண்டாகவோ வெளியேறிய ஆண்டாகவோ அதை எழுதக்கூடாது.