ஒன்று விட்டால் சமம், ஒட்டி இருந்தால் 180

டியூஷனுக்கு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இணைகோடுகளும் கோணங்களும் பாடம் வந்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். "மிஸ், எட்டுக் கோணத்தோட பேரையும் மனப்பாடம் பண்ணணுமா?" பேர் அப்புறம். முதலில் கோடு போட்ட நோட்டை எடு.

நான்கு வரி இடைவெளி விட்டு இரண்டு வரிகளை அழுத்தி வரைந்தால் இணைகோடுகள் தயார். ஸ்கேலைச் சாய்த்து வைத்து இரண்டையும் வெட்டும்படி ஒரு கோடு இழு. அதுதான் குறுக்குவெட்டி. மேல் சந்திப்பில் நான்கு கோணம், கீழே நான்கு. ஏதாவது ஒன்றைப் பாகைமானியால் அள. 65° வந்தால் பாகைமானியைப் பெட்டியில் போட்டுவிடலாம். நான்கு கோணம் 65°, மற்ற நான்கும் 115°. (குறுக்குவெட்டி செங்குத்தாக விழுந்தால் எட்டும் 90°.)

நம்பிக்கை வரவில்லையா? மெல்லிய தாளில் மேல் சந்திப்பைப் படியெடு. தாளைத் திருப்பாமல், குறுக்குவெட்டி மேலேயே வழுக்கிக் கீழே இறக்கு. கச்சிதமாகப் பொருந்தும். அப்படி ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும் ஜோடிகள்தான் ஒத்த கோணங்கள்.

அடுத்துதான் பிள்ளைகள் குழம்பும் இடம்: ஒன்றுவிட்ட கோணங்கள். சிலர் ஆங்கில எழுத்து இசட் வடிவத்தைத் தேடச் சொல்வார்கள். படம் கொஞ்சம் சாய்ந்தால் அந்த எழுத்தே கண்ணில் படாது. நான் ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கூப்பிடுவேன். பெயரிலேயே வழி இருக்கிறது. இணைகோடுகளுக்கு நடுவே நான்கு உட்கோணங்கள் இருக்கின்றனவா? மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது என்று விரலால் வட்டமாகச் சுற்று. அடுத்ததை விட்டு அதற்கடுத்ததைத் தொட்டால் இரண்டும் சமம். விடாமல் ஒட்டியிருக்கும் இரண்டைத் தொட்டால் கூடுதல் 180°. வெளிக்கோணங்கள் நான்கையும் இப்படியே சுற்றலாம். ஒரே சந்திப்பின் நான்கு கோணங்களுக்கும் இதே கதைதான். அங்கே ஒன்றுவிட்டு வருவதைக் குத்தெதிர்க் கோணம் என்பார்கள்.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் ஒன்றுவிட்ட கோணங்களை வைத்துத்தான். எகிப்தின் சயீன் ஊரில், ஆண்டிலேயே மிக நீண்ட பகல் உள்ள கோடை நாளின் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில். அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 7.2° சாய்வு. சூரியக் கதிர்கள் இணைகோடுகள்; சயீனில் விழும் கதிரை நீட்டினால் பூமியின் மையத்துக்கே போகும். அலெக்சாந்திரியாவையும் பூமியின் மையத்தையும் சேர்க்கும் கோடு குறுக்குவெட்டி. ஆகவே மையத்திலும் 7.2°, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 50ஆல் பெருக்கினால் முடிந்தது.

இப்போது ஒரு கணக்கு. குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் உள்ள இரண்டு உட்கோணங்களில் ஒன்று மற்றதைவிட 40° பெரியது. ஒட்டியிருப்பவை, எனவே கூடுதல் 180. அதில் 40 போக 140, பாதி 70. விடை 70°, 110°. விடைத்தாளில் காரணத்தையும் ஒரு வரி எழுது. பேர்களை மனப்பாடம் பண்ண வேண்டியது அதற்கு மட்டும்தான்.

கண்ணை மட்டும் நம்பாதே. போன மாதம் நான் வைத்த டெஸ்டில் இணை என்று காட்டும் அம்புக்குறி போடாத இரண்டு கோடுகள். ஒரே பக்க உட்கோணங்கள் 65°, 118°. கோடுகள் இணையா என்று கேட்டிருந்தேன். பதினொரு பேரில் ஏழு பேர் "ஆமாம்" என்று எழுதிவிட்டார்கள். கூட்டிப் பார், 183.