டி சோட்டோ வந்து போன ஊராமே? அந்தக் கதையைத் தேடிப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றினால், 16-ஆம் நூற்றாண்டில் படையோடு அங்கே வந்த ஸ்பானியர் எர்னாண்டோ டி சோட்டோ உங்களை விடமாட்டார். இந்த அருவிக்கரையில் முகாம் போட்டார், அந்த ஓடையில் அவருடைய வீரன் ஒருவனின் கவசம் கிடைத்தது என்று ஏதாவது ஒன்று காதில் விழும். கான்சாஸ், டெக்சாஸ் பக்கம் போனால் அதே கதைகளில் அதே காலத்து இன்னொரு ஸ்பானியப் படைத்தலைவரான கொரொனாடோ இருப்பார். இப்படி ஒரு கதை கையில் கிடைத்ததும் பலரும் "இது உண்மையா?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். இதை முதன்முதலில் எழுதி வைத்தது யார், எந்த ஆண்டில் என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிடிபடும்.

சாலையோரத் தகவல் பலகை இருந்தால் அதன் அடியில் போட்டிருக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1939, 1940 வாக்கில் வைத்தது என்றால் ஒரு காரணம் இருக்கிறது: டி சோட்டோ வந்து இறங்கியது 1539, அதன் 400-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது, ஜான் ஸ்வான்டன் தலைமையில் அந்தக் குழு 1939-இல் அவர் போன வழியை வரைபடத்தில் கோடாகப் போட்டுக் கொடுத்தது. பிற்காலத்தில் சார்லஸ் ஹட்சன் என்ற மானுடவியலாளர் புதிய அகழாய்வுகளை வைத்து அந்தக் கோட்டைப் பல இடங்களில் மாற்றி வரைந்தார். கோடு நகர்ந்தது, பலகைகள் நகரவில்லை. அதனால் பலகையை வைத்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்குக் கிடைத்த சிறந்த தகவலை அவர்கள் நம்பியிருக்கலாம்.

பலகைக்கும் முந்தைய தடயம் வேண்டும் என்றால் பழைய செய்தித்தாள்கள்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். பெயரைச் சேர்த்தும் பிரித்தும் போட்டுப் பாருங்கள், பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும் என்பதால் "ஸ்பானிஷ் கவசம்", "பழைய வாள்" போன்ற சொற்களோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் உள்ளூர் நூலகத்துக்குப் போய் அந்தக் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வரலாற்றுப் புத்தகங்களைக் கேளுங்கள். 1540-இல் நடந்ததாகச் சொல்லும் ஒன்று 1880-களில்தான் முதன்முதலாக எழுத்தில் வருகிறது என்றால், நடுவில் 340 ஆண்டுகள் அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்பானியர்களைக் கண்ணால் பார்த்தவர்களின் வழிவந்த சிக்கசா, சாக்டா, மஸ்கோகி என்ற பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் 1830-களில் இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள். இன்றைக்கு அந்த ஊர்களில் கதை சொல்பவர்களில் பலர் அதன்பிறகு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். சங்கிலி நடுவில் அறுந்துவிட்டது. அறாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரேகான் கடற்கரையைப் பாருங்கள். நெஹேலம் பகுதிப் பூர்வகுடிகள் ஒரு பெரிய கப்பல் உடைந்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், கரையில் தேன்மெழுகுக் கட்டிகளும் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. 2022-இல் அங்கே கடற்குகையிலிருந்து கப்பல் மரங்களை எடுத்தார்கள். 1693-இல் தேன்மெழுகு ஏற்றிக்கொண்டு மணிலாவிலிருந்து கிளம்பிய 'சாந்தோ கிறிஸ்தோ தெ புர்கோஸ்' என்ற ஸ்பானியக் கப்பலுடையவை அவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் இந்தப் பூர்வகுடி மக்களின் அரசுகளில் இருக்கும் பண்பாட்டு, வரலாற்றுத் துறைகளுக்கு எழுதிக் கேட்பதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மூலப் பதிவுகள். டி சோட்டோ பயணத்துக்கு முக்கியமாக நான்கு உண்டு. எல்வாஸ் ஊர்க்காரரான பெயர் தெரியாத போர்ச்சுகீசியர், பியெத்மா, ராங்கெல் ஆகிய மூவரும் கூடவே போனவர்கள். நான்காவதை 1605-இல் வெளியிட்ட கார்சிலாசோ அந்தப் பக்கமே போகாதவர், தப்பி வந்தவர்கள் சொன்னதை வைத்து எழுதினார். உங்கள் ஊர்க் கதை அவரிடம் மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். இவை ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. தூரத்தை லெகுவா என்ற பழைய ஸ்பானிய அளவில் சொல்வார்கள், அதில் ஒருவகை சுமார் 4.2 கி.மீ., இன்னொன்று 5.5 கி.மீ., ஆகவே நூறு லெகுவாவில் 130 கி.மீ. வித்தியாசம் வந்துவிடும். எத்தனை நாள் நடந்தார்கள், எந்த ஆற்றைத் தாண்டினார்கள் என்பதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

சரி, பொருள்கள். வாள், கவசம் என்று யாராவது சொன்னால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான சான்றுகள் பெரும்பாலும் சின்னச் சின்னதாக இருக்கும். 1987-இல் ஃபுளோரிடாவின் டல்லஹாசியில் கட்டடம் எழும்பவிருந்த இடத்தில் தொல்லியலாளர் கால்வின் ஜோன்ஸ் தோண்டியபோது கிடைத்தவை சங்கிலிக் கவசத்தின் வளையங்கள், குறுக்குவில் அம்பின் முனை, செப்புக் காசுகள், ஒரு பன்றியின் தாடை எலும்பு. பன்றி இந்த மண்ணின் விலங்கு கிடையாது, டி சோட்டோதான் மந்தையாக ஓட்டி வந்தார். இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்ததால்தான் 1539-40 குளிர்காலத்தை அவர் கழித்த இடம் அது என்று சொல்ல முடிந்தது. டெக்சாஸின் பிளாங்கோ பள்ளத்தாக்கில் குறுக்குவில் அம்பு முனைகள் செம்பில் கிடைத்தன, அது கொரொனாடோ ஆட்களின் அடையாளம். ஒரே ஒரு கண்ணாடிப் பாசிமணியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கைமாறிக் கைமாறி ஸ்பானியர் மிதிக்காத ஊருக்கும் போயிருக்கும்.

மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டால் தோண்டக் கூடாது! மத்திய அரசு நிலத்திலும் பூர்வகுடி நிலத்திலும் அனுமதியில்லாமல் தொல்பொருளை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கால் வைக்காதீர்கள். சம்மதம் இருந்தாலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் அலுவலரைக் கூப்பிடுங்கள். எந்த ஆழத்தில் எதன் பக்கத்தில் இருந்தது என்பது தெரியாமல் போனால் பிறகு அது வெறும் துருப்பிடித்த இரும்புத் துண்டுதான்.

ஜார்ஜியாவில் ஃபோர்ட் மவுன்டன் என்ற மலையில் நீளமான பழைய கற்சுவர் ஒன்று இருக்கிறது. டி சோட்டோ கட்டியது என்று வெகுகாலம் சொன்னார்கள். அவர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் எழுப்பியது என்பதே இன்று தொல்லியலாளர்கள் சொல்வது. கட்டியவனை விட்டுவிட்டு, அடிமைகளைப் பிணைக்கச் சங்கிலியும் கழுத்து வளையமும் சுமந்து அந்த வழியாகப் போனவனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் நீங்கள் கண்டுபிடித்ததை எழுதும்போது பயணப் பதிவில் இருப்பது, மண்ணில் கிடைத்தது, ஊரில் சொல்வது என்று மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள், ஊரில் சொல்வது எந்த ஆண்டிலிருந்து என்பதையும் போடுங்கள். பழைய பலகையைப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கும்படி உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் கேளுங்கள், 1540-இல் அங்கே வாழ்ந்த மக்களின் பெயர் அதில் முதல் வரியில் இருக்கட்டும்.