‘மேங்கோ’ எங்கிருந்து வந்துச்சு? ஒரு வார்த்தையோட வேரைத் தேடுற வழி

சேலத்துல சீசன் ஆரம்பிச்சா கடைவீதி பூரா மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரான்னு குவிஞ்சு கிடக்கும், அதனால மேங்கோவையே எடுத்துக்குவோம். முதல்ல நல்ல இங்கிலீஷ் டிக்‌ஷனரில ஆரிஜின் பகுதியைப் பாருங்க, அர்த்தத்தை மட்டும் படிச்சிட்டு மூடிடாதீங்க. போர்ச்சுகீஸ் ‘மங்கா’ன்னு இருக்கும், அதுக்குப் பின்னாடி மலையாள மாங்ங, தமிழ் மாங்காய். அடுத்து 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன், அதாவது இந்தியாவுல இருந்த இங்கிலீஷ்காரங்க புழங்குன வார்த்தைகளுக்கான அகராதி, நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, பழைய ஆளுங்க எழுதுன வரிகளை வருஷத்தோட அடுக்கி வெச்சிருக்கும், எனக்கு உயிரான புக்கு.

அப்புறம் அர்த்தம் எப்படி மாறுச்சுன்னு பாருங்க, இதுதான் சுவாரசியமே. அந்தக் காலத்துல கப்பல்ல இங்கிலாந்துக்குப் பழமா போனா அழுகிடும், ஊறுகாயாத்தான் போச்சு, அதனால அங்க வேற காயை ஊறப்போட்டாலும் மேங்கோன்னே சொல்ல ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல சில பக்கம் குடைமிளகாய்க்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு!

ஒண்ணு கவனம், சத்தம் ஒத்துப்போகுதுன்னு முடிவு கட்டக்கூடாது. இங்கிலீஷ் ‘ஒன்’னும் நம்ம ‘ஒன்று’ம் ஒரே மாதிரி கேக்கும், ஆனா ‘ஒன்’ பழைய இங்கிலீஷ் ‘ஆன்’லருந்து வந்தது, சம்பந்தமே இல்ல. ஆனா நம்ம கட்டுமரம் இங்கிலீஷ்ல ‘கேட்டமரான்’ ஆனதுக்கு எழுத்து ஆதாரம் இருக்கு, அடுத்து அதைத் தேடிப் பாருங்க.