ரொறன்ரோ குளிரில் ஓடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஓடும் சப்பாத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். கோடை முழுக்க ரூஜ் பூங்காப் பக்கம் ஓடியவர்கள், காலையில் ஏரிக்கரையில் சைக்கிள் ஓடியவர்கள், எல்லாரும்தான். பிறகு அவர்களை வெளியில் காண்பது ஏப்ரலில். நடுவில் போனது ஐந்து மாதம். கோடையில் பாடுபட்டுச் சேர்த்த மூச்சும் கால் பலமும் அதற்குள் கரைந்துபோக, வசந்தத்தில் மறுபடி முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நீரிழிவும் இதய நோயும் தெற்காசியர்களான எங்களை மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலேயே பிடிக்கின்றன என்பது தெரிந்திருந்தும் ஒவ்வொரு வருடமும் ஐந்து மாதம் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறோமே என்பதுதான் என் கவலை.

இவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. ஒருநாள் துணிந்து இறங்கியிருப்பார்கள், பிழையான உடுப்போடு பிழையான திசையில் ஓடி நடுநடுங்கித் திரும்பி வந்திருப்பார்கள், அத்தோடு "இந்தக் குளிர் எங்களுக்குச் சரிவராது" என்று முடிவு கட்டியிருப்பார்கள். என் முதல் குளிர்கால ஓட்டமும் அப்படித்தான் முடிந்தது. ஜனவரி மாதம், மைனஸ் 8. பருத்தி பெனியன், அதற்கு மேல் பருத்தி ஹூடி, அதற்கும் மேல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் மொத்த ஜாக்கெட். ஏரிக்கரையில் மார்ட்டின் குட்மன் பாதையில் காற்று முதுகைத் தள்ள ஐந்து கிலோமீட்டர் சுகமாகப் போனேன், உள்ளே வியர்வை ஆறாக ஓடியது, இவ்வளவுதானா குளிர் என்று கூட நினைத்தேன். திரும்பியதும் அதே காற்று நேரே முகத்தில். பத்து நிமிடத்துக்குள் நனைந்த பெனியன் ஐஸ்கட்டி போல நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, கால்கள் ஓட மறுத்தன, மிச்ச வழியை நடந்தே முடித்தேன். வீட்டு வாசலில் சாவியைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

குளிர் மட்டும் என்னை அந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. வியர்வையும் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது.

முதல் தவறு, அளவுக்கு மீறி உடுத்துவது. சூடான ஊரில் வளர்ந்த எங்களுக்கு மைனஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே கை தானாக மொத்த ஜாக்கெட்டை எடுக்கிறது. ஆனால் ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, நீங்களே ஒரு அடுப்பாக மாறிவிடுகிறீர்கள். இங்கே நெடுநாளாக ஓடுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெளியே இருக்கும் வெப்பநிலையோடு பத்து பாகையைக் கூட்டி, அந்த வெப்பநிலையில் சும்மா நடக்கப் போனால் எதைப் போடுவீர்களோ அதைப் போடுங்கள். மைனஸ் 8 என்றால் பிளஸ் 2-க்கு ஏற்ற உடுப்பு. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால், இரண்டாவது கிலோமீட்டரில் நனைந்துவிடுவீர்கள்.

பருத்தியைத் தொடவே வேண்டாம். ஊரில் அது நல்ல துணி, வியர்வையை உறிஞ்சி வைத்து உடம்பைக் குளிர்விக்கும். இங்கே அந்தக் குணமே எதிரி. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது, ஆகவே நனைந்த துணி உடம்பில் ஒட்டியிருக்கும்வரை சூடு வெளியே போய்க்கொண்டேயிருக்கும். தோலோடு ஒட்டும் முதல் அடுக்கு பொலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ ஆக இருக்கட்டும். மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், முன்பக்கம் சிப் உள்ளதாக, சூடேறினால் இறக்குவதற்கு. மைனஸ் 10-க்குக் கீழே போனால் நடுவில் இன்னொன்று. அவ்வளவு போதும். விரல்களுக்கு ஐந்து விரல் கையுறையைவிட எல்லா விரல்களும் ஒன்றாக இருக்கும் மிட்டன் மேல். காலுறையை இரண்டு மூன்றாகப் போட்டு சப்பாத்தை இறுக்காதீர்கள், இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். ஆண்களுக்கு ஒரு விஷயம், வெட்கத்தால் யாரும் சொல்லித் தருவதில்லை: எதிர்க்காற்றில் நெடுநேரம் ஓடினால் இடுப்புக்குக் கீழே முன்பக்கமும் குளிரில் மரத்துப்போகும், ஆகவே முன்புறம் காற்றுத் தடுப்பு வைத்துத் தைத்த உள்ளாடையை வாங்குங்கள்.

அடுத்தது காற்று. தொலைபேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது பெரிய பிழை, பக்கத்தில் இருக்கும் வின்ட் சில் எண்ணை, அதாவது காற்றோடு சேர்த்துத் தோல் உணரும் குளிரைப் பாருங்கள். மைனஸ் 10-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20. கனடா சுற்றுச்சூழல் திணைக்களத்தின் அளவுகோலில் அந்த எண் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-க்கு இறங்கினால் 5 முதல் 10 நிமிடம் போதும். நான் மைனஸ் 25-ஐ எனக்கு எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் வீட்டுக்குள் ட்ரெட்மில், அல்லது கட்டடத்தின் மாடிப்படி. மற்ற நாட்களில் ஒரே ஒரு விதி: போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும். உடம்பு உலர்ந்திருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட்டால், வியர்த்தபின் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வீட்டில் சேர்க்கும். ஏரிக்கரையில் இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, அம்மாமாரின் பயத்துக்கு வருவோம். "உந்தப் பனிக்குள்ள ஓடினா தடிமன் பிடிக்கும், நெஞ்சுக்குள்ள குளிர் இறங்கிடும்" என்று தொலைபேசியில் கேட்காத பிள்ளை எங்களில் இல்லை. தடிமன் வைரஸால் வருவது, பனியிலிருந்து அது பிறப்பதில்லை. நுரையீரலும் உறைந்துபோகாது, மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகின்றன. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. குளிர்காற்று மிக வறண்டது, வேகமாக மூச்சு வாங்கும்போது சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இருமலும் இழுப்பும் வரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து. வாயையும் மூக்கையும் மெல்லிய கழுத்துத் துணியால் மூடுங்கள், மூச்சின் ஈரமும் சூடும் அங்கேயே தங்கும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் குதித்து, படி ஏறி இறங்கி, உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே வாருங்கள். இன்ஹேலர் பாவிப்பவர்கள் எப்போது, எத்தனை தரம் என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதை உள்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார். நீண்டநாள் நீரிழிவு கால் நரம்புகளைப் பாதித்திருந்தால் விரல் விறைப்பதே தெரியாது, தெரியாமலே தோல் உறைந்துவிடும். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் காலைக் கண்ணால் பாருங்கள், குறுகிய ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். இதய வருத்தமோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் முதலில் மருத்துவரோடு கதைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது, குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும்.

வழுக்கி விழுவது. குளிரால் அடிபட்டவர்களைவிட வழுக்கி மணிக்கட்டை முறித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புதிதாக விழுந்த பனியில் கால் ஓரளவு பிடிக்கும், கடும் குளிர் நாளும் அவ்வளவு மோசமில்லை. பொல்லாத நாள் என்பது பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாள்: பகலில் உருகிய தண்ணீர் பின்னேரம் உறைந்து, நிலத்தின் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாகப் படிந்திருக்கும். வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் குழாய்களின் வாய், கார் ஏறி இறங்கும் வாசல்கள், பாலத்தின் மேல் பகுதி, இந்த இடங்களில் எப்போதும் சந்தேகப்படுங்கள். எட்டுகளைச் சின்னதாக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டைகள் கிடைக்கின்றன, வாங்கிய பணம் வீணாகாது. உறைபனி மழை பெய்த அன்று மட்டும் எதை மாட்டினாலும் போகாதீர்கள்.

ஏரிக்கரைப் பாதையில் மாநகரசபை பனி அள்ளுகிறது. ரூஜ் பூங்காவின் காட்டுப் பாதைகளில் அப்படியில்லை, மற்றவர்களின் கால் பட்டு இறுகிய பனி அங்கே பாறையாகிவிடும். அங்கே ஓட்டத்தை மறந்து நடங்கள்.

கோடை வேகத்தையே குளிரிலும் பிடிக்க நினைப்பதும் இதோடு சேர்ந்த பிழைதான். பனியில் கால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வழுக்கிப் பின்னுக்குப் போகிறது, தசை இறுகியிருக்கிறது, அதே உழைப்புக்கு வேகம் குறையத்தான் செய்யும். கடிகாரத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல் நிமிடத்தைப் பாருங்கள்: இன்று 45 நிமிடம், கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம், முடிந்தது. இப்படி மெதுவாகச் சேர்த்த நிமிடங்கள் எங்கேயும் போவதில்லை. ஹமில்டனில் மார்ச் கடைசியில் நடக்கும் 30 கிலோமீட்டர் 'அரவுண்ட் த பே' ஓட்டம் 1894-இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிட மூன்று வருடம் மூத்தது. அதை ஓடுபவர்கள் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான் அதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். நவம்பரிலேயே இப்படி ஒன்றில் பெயரைப் பதிந்துவிடுங்கள், இருட்டில் படுக்கையை விட்டு எழுந்துவர ஒரு காரணம் கிடைக்கும்.

இருட்டு என்றதும் இன்னொன்று. டிசம்பரில் பின்னேரம் 4:40 வாக்கில் சூரியன் போய்விடுகிறது, வேலை முடித்து வருபவர்களுக்கு வெளிச்சமே இல்லை. அப்போது கறுப்பு ஜாக்கெட்டோடு ஓடுபவரைச் சாரதியால் கடைசி நொடியில்தான் காண முடியும், அதற்குள் பனித் தரையில் பிரேக்கும் பிடிக்காது. நெற்றியில் விளக்கு, முதுகில் சிவப்பு விளக்கு, ஒளி தெறிக்கும் மேற்சட்டை மூன்றும் வேண்டும். நடைபாதை இல்லாத தெருவில் இடது பக்கமாக, வாகனங்களை எதிர்நோக்கி ஓடுங்கள். தொலைபேசியை வெளிப் பையில் வைத்தால் குளிரில் பற்றரி செத்துவிடும், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் ஓடுவதைப் பலர் பிழையாகவே நினைப்பதில்லை, தாகம் எடுப்பதில்லையே! குளிரில் கை கால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்குப் போவதால் சிறுநீர் கூடும், மூச்சிலும் ஈரம் போகும், தாக உணர்வோ மங்கிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் வெதுவெதுப்பான தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, ஜாக்கெட்டுக்குள் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேற்பக்கம்தான் முதலில் கட்டும், மூடி கீழே இருந்தால் அது அடைபடாது.

வெளியே ஓடுகிறோம், வெயில் படுகிறது, வைட்டமின் டி போதும் என்று நினைக்காதீர்கள். ரொறன்ரோ அட்சரேகையில் நடுக் குளிர்கால வெயிலுக்கு அதை உண்டாக்கும் பலமில்லை, எங்கள் கறுத்த தோலுக்கு மற்றவர்களைவிட அதிக வெயிலும் தேவை. வளர்ந்தவர்களுக்கு 70 வயதுவரை நாளுக்கு 600 ஐ.யு. (சர்வதேச அலகு) என்கிறது கனடா சுகாதாரத் திணைக்களம். உங்கள் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓட்டம் பிடிக்காவிட்டால் சமதளப் பனிச்சறுக்கு (கிராஸ் கன்ட்ரி ஸ்கீ) இருக்கிறது, பாரி நகருக்கு வடக்கே ஹார்ட்வுட் பனிச்சறுக்கு மையத்தில் சறுக்குப் பலகையை வாடகைக்கும் எடுக்கலாம். கையும் காலும் சேர்ந்து உழைப்பதால் ஓட்டத்தைவிட அதிகம் வியர்க்கும், ஆகவே இன்னும் மெல்லிய உடுப்பு. இறக்கத்தில் காற்று அறையும், ஜாக்கெட் சிப்பை அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். பலகைக்காக வெட்டிய இரட்டைத் தடத்தில் சப்பாத்தோடு நடக்காதீர்கள், பின்னால் வருபவர்களுக்கு அது கெட்டுவிடும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்தபின் செய்யும் பிழை. ஓட்டத்தை நிறுத்தியதும் அடுப்பு அணைந்துவிடுகிறது, ஈர உடுப்பு மட்டும் மிஞ்சுகிறது. வாசலில் நின்று அயலவரோடு கதைக்காதீர்கள், ஓடிய தூரத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டு நிற்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் தலைத்தொப்பி முதல் காலுறைவரை எல்லாவற்றையும் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள், பிறகு இஞ்சித் தேத்தண்ணீர். காதோ விரலோ வெளிறி மெழுகுபோல் உணர்ச்சியற்று இருந்தால் தேய்க்காதீர்கள், பனியைப் பூசாதீர்கள், ஹீட்டரில் பிடிக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறு யாராவது கை வைத்துப் பார்க்கட்டும். அரை மணித்தியாலத்திலும் நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால், அல்லது கொப்புளம் போட்டால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.