எந்த ஊர் டபுள்? ஆங்கில குரோஷே பேட்டர்ன் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷேயை வீடியோ பார்த்துக் கற்றவர்கள், எழுத்தில் இருக்கும் பேட்டர்னுக்கு, அதாவது செய்முறைத் தாளுக்கு, வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். கை நன்றாகப் பழகியிருக்கும். செயின், அதாவது லூப்புக்குள் லூப்பாக இழுத்துப் போடும் சங்கிலி, ஒரே அளவாக விழும், சின்னப் பொம்மைகூடப் போட்டு முடித்திருப்பார்கள். ஆனால் இரண்டு பக்க ஆங்கில பேட்டர்ன் ஒன்றைக் கையில் கொடுத்தால், புதிதாகக் கற்ற நாட்களில் நான் இடறிய அதே இடங்களில் ஒவ்வொருவராக வந்து இடறுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நூலை இறுக்கிப் பிடிப்பது, வரிசைக் கடைசி ஸ்டிச்சை விட்டுவிடுவது போன்றவை போடப் போடத் தானே சரியாகும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. பேட்டர்னில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை வேறு மாதிரி புரிந்துகொண்டு நூலையும் நாளையும் வீணாக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

## எந்த நாட்டுப் பெயர் என்று பார்க்காமல் ஊசி எடுப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த பிறகும் எனக்கு ஆறாத எரிச்சல் இது.

குரோஷே ஸ்டிச்சுகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர் வரிசைகள் இருக்கின்றன. அமெரிக்கர்களுடையது ஒன்று, பிரிட்டன்காரர்களுடையது ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் பிரிட்டன் பெயர்தான். இரண்டும் முழுக்க வேறு வேறாக இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரே பெயர் இரண்டு வரிசையிலும் வருகிறது, வேறு வேறு ஸ்டிச்சுக்கு வருகிறது என்பதுதான் சங்கடம்.

ஊசியை உள்ளே விட்டு நூலை இழுக்கிறோம். ஊசியில் இரண்டு லூப். நூலைச் சுற்றி இரண்டையும் ஒரே இழுப்பில் வாங்கிவிடுகிறோம். இந்தக் குட்டை ஸ்டிச்சுக்கு அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்று பெயர். பிரிட்டனில் இதுவே டபுள் குரோஷே.

இப்போது ஊசியை உள்ளே விடுவதற்கு முன்பே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறோம். நூலை இழுத்ததும் ஊசியில் மூன்று லூப் இருக்கும். மூன்றையும் ஒரே இழுப்பில் வாங்கினால் அமெரிக்கர்களுக்கு ஹாஃப் டபுள், பிரிட்டனுக்கு ஹாஃப் ட்ரெபிள். இரண்டிரண்டாக இரண்டு இழுப்பில் வாங்கினால் அமெரிக்கர்களுக்கு டபுள், பிரிட்டனுக்கு ட்ரெபிள். முதலிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போடும் நெட்டை ஸ்டிச் அமெரிக்காவில் ட்ரெபிள், பிரிட்டனில் டபுள் ட்ரெபிள். செயினுக்கும் ஸ்லிப் ஸ்டிச்சுக்கும் மட்டும் இன்றைய பேட்டர்ன்களில் இரு பக்கமும் அதே பெயர்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிரிட்டன் பெயர் ஊசியில் ஏறி நிற்கும் லூப்பை எண்ணுகிறது, அமெரிக்கப் பெயர் அதற்குப் பிறகு எத்தனை இழுப்பு என்று எண்ணுகிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். இரண்டு லூப் இருந்தால் பிரிட்டனில் டபுள், அது ஒரே இழுப்பில் முடிவதால் அமெரிக்காவில் சிங்கிள். மூன்று லூப் பிரிட்டனில் ட்ரெபிள், இரண்டு இழுப்பு அமெரிக்காவில் டபுள். ஒருமுறை ஊசியில் வைத்துப் பார்த்துவிட்டால் மறக்காது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கான்வென்ட் தையல் வகுப்பிலும் பழைய ஆங்கிலப் புத்தகங்களிலும் கற்ற பெரியவர்கள் பலர் பிரிட்டன் பெயரைத்தான் சொல்வார்கள். அவர்கள் வாயில் ட்ரெபிள் என்றால் இன்றைய பெண்கள் டபுள் என்று சொல்வது. வீடியோவில் கற்றவர்கள் அமெரிக்கப் பெயரோடு வருகிறார்கள். ஒரே வீட்டில் அத்தையும் மருமகளும் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு ஸ்டிச் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு பெண் தன் அக்கா குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டாள். கழுத்திலிருந்து கீழே இறங்கிவரும் மாதிரி. தோள் பகுதி 20 வரிசை, முழுக்க டபுள் குரோஷே, ஏறத்தாழ 10 செ.மீ. ஆழம் வர வேண்டும். அது பிரிட்டன் பேட்டர்ன். அவள் வீடியோவில் கற்ற அமெரிக்க டபுளைப் போட்டாள். அந்த ஸ்டிச் குட்டை ஸ்டிச்சைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், ஆனால் அகலம் கிட்டத்தட்ட அதேதான். அதனால் கழுத்துச் சுற்றளவு சரியாக வந்தது, மார்புச் சுற்றளவும் சரியாக வந்தது. ஸ்டிச் எண்ணிக்கை ஒவ்வொரு வரிசையிலும் பேட்டர்னோடு பொருந்தியது. சந்தேகம் வர வழியே இல்லை. தோள் பகுதி மட்டும் 20 செ.மீ. இறங்கி, கைக்குழி குழந்தையின் இடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நடுவில் ஒரு தடயம் இருந்தது. பேட்டர்னில் வரிசை திரும்பும்போது ஒரு செயின் போடச் சொல்லியிருந்தது. உயரமான ஸ்டிச்சுக்கு ஒரு செயின் போதாது, ஓரம் சுருங்கி இழுக்கும். அப்படித்தான் இழுத்தது. அவள் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, வீடியோவில் பார்த்தபடி மூன்று செயின் போட ஆரம்பித்தாள். ஓரம் நேராகிவிட்டது. பேட்டர்ன் கொடுத்த ஒரே எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது.

அப்புறம் நூல் தீர்ந்தது. உயர ஸ்டிச் நூலைக் கூடுதலாகத் தின்னும். கடைக்குப் போய் அதே நிற எண்ணில் இன்னும் இரண்டு கண்டு வாங்கினாள். ஆனால் சாய லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண், வேறு. வெயிலில் வைத்துப் பார்த்தால் கீழ்ப்பாதி ஒரு மஞ்சள், மேல்பாதி வேறு மஞ்சள். “அக்கா, பேட்டர்ன்ல போட்டிருக்கிறபடிதான் போட்டேன்” என்று அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எழுதியிருந்ததைத்தான் போட்டாள். எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. முதல் பக்கத்தில் ‘அமெரிக்கப் பெயர்கள்’ அல்லது ‘பிரிட்டன் பெயர்கள்’ என்று ஒரே ஒரு வரி போடப் பேட்டர்ன் எழுதுகிறவருக்கு என்ன செலவு? காசு வாங்கிக்கொண்டு விற்கும் பேட்டர்னிலும் இதைப் போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். பிரிட்டன் பெயர் பழகியவர் அமெரிக்க சால்வை பேட்டர்னை எடுத்து டபுள் என்ற இடமெல்லாம் குட்டை ஸ்டிச் போட்டால், தொங்க வேண்டிய துணி அட்டை போல விறைத்துப் பாதி நீளத்தில் முடியும். பொம்மையில் நெட்டை ஸ்டிச் போய்விட்டால் இடைவெளி வழியே பஞ்சு வெளியே தெரியும்.

சரி, எழுதியவர் சொல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் சுருக்கெழுத்துப் பட்டியலைப் பாருங்கள். அதில் எஸ்.சி., அதாவது சிங்கிள் குரோஷே, இருந்தால் அது அமெரிக்கப் பேட்டர்ன். இன்றைய பிரிட்டன் பேட்டர்னில் அந்தப் பெயர் வராது. ஹாஃப் டபுள் இருந்தாலும் அமெரிக்கா, ஹாஃப் ட்ரெபிள் இருந்தால் பிரிட்டன். ஸ்டிச்சைத் தாண்டுவதற்கு அமெரிக்கர்கள் ஸ்கிப் என்பார்கள், பிரிட்டனில் மிஸ் என்று எழுதுவது வழக்கம். 10 செ.மீ. சதுரத்தில் எத்தனை ஸ்டிச் வர வேண்டும் என்ற கணக்கு அமெரிக்காவில் கேஜ், பிரிட்டனில் டென்ஷன்.

இவை எதுவும் இல்லையென்றால் திரும்பும் செயினை எண்ணுங்கள். ஒரு செயின் போட்டுவிட்டு டபுள் போடச் சொன்னால் பிரிட்டன். மூன்று செயின் போட்டுவிட்டு டபுள் என்றால் அமெரிக்கா. மூன்று செயினும் ட்ரெபிளும் வந்தால் பிரிட்டன், நான்கு செயினும் ட்ரெபிளும் வந்தால் அமெரிக்கா. நான் அதிகம் நம்புவது இந்தக் கணக்கைத்தான். எழுதுகிறவர் பெயரைச் சொல்லாமல் விடலாம், உயரத்துக்கு ஏற்ற செயினை விட முடியாது.

பேட்டர்னோடு வரைபடம் இருந்தால் கவலையே வேண்டாம். பெருக்கல் அல்லது கூட்டல் குறி குட்டை ஸ்டிச். வெறும் டி வடிவம் அதற்கு அடுத்த உயரம், டி-யின் தண்டில் ஒரு சாய்கோடு இருந்தால் மூன்று லூப்பை இரண்டு இழுப்பில் வாங்குவது, இரண்டு சாய்கோடு இருந்தால் அதற்கும் மேல். அமெரிக்கப் புத்தகத்திலும் பிரிட்டன் புத்தகத்திலும் இந்தக் குறிகள் ஒன்றுதான். ஜப்பானியப் புத்தகங்களையும் ஓர் எழுத்துத் தெரியாமலே நாம் பின்பற்றிப் போட முடிவது இதனால்தான்.

எந்தப் பெயர் வரிசை என்று தெரிந்ததும் பேட்டர்னின் தலையில் பென்சிலால் எழுதிவையுங்கள். பாதியில் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுக்கும்போது நினைவிருக்காது.

## ஊசி நம்பர்

மி.மீ. மட்டும் பாருங்கள். 8-ஆம் நம்பர் ஊசி என்றால் அமெரிக்காவில் 5 மி.மீ., பழைய பிரிட்டன் கணக்கில் 4 மி.மீ., மெல்லிய நூலுக்கான ஸ்டீல் ஊசியில் ஏறக்குறைய 1.5 மி.மீ.

## ப்ளை என்றால் பருமன் என்று எடுத்துக்கொள்வது

நூல் கடையில் 4 ப்ளை என்று கேட்டால் நான்கு இழை முறுக்கிய நூலைக் கொடுப்பார்கள். இழை மெல்லியதாகவும் இருக்கலாம், தடியாகவும் இருக்கலாம். பிரிட்டன் பேட்டர்னில் 4 ப்ளை என்பது ஒரு பருமனின் பெயர். அமெரிக்கர்கள் ஃபிங்கரிங் என்று சொல்லும் மெல்லிய நூல் அது, 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் ஓடும். அதைவிடத் தடித்தது டி.கே., அதாவது டபுள் நிட்டிங், 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை. இதையே ஆஸ்திரேலியர்கள் 8 ப்ளை என்பார்கள். இன்னும் தடித்த நூலில், அமெரிக்கர்கள் வோர்ஸ்டெட் என்பது கிட்டத்தட்ட பிரிட்டனின் ஆரன்.

ஆகவே கடையில் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். லேபிளைத் திருப்பி எத்தனை கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அதை உங்கள் பேட்டர்ன் கேட்கும் நூலோடு ஒப்பிட்டால் போதும். மீட்டர் போடாத கண்டாக இருந்தால், பெரிய வேலைக்கு வாங்காதீர்கள்.

## ரைட் என்றதும் வலது கை

இரண்டு இடத்தில் இது மாட்டிவிடும். ரைட் சைடு என்று பேட்டர்ன் சொல்வது துணியின் முன்பக்கத்தை, அதாவது வெளியே தெரியும் பக்கத்தை. உள்பக்கம் ராங் சைடு. ‘ரைட் சைடு ஃபேஸிங்’ என்றால் முன்பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும் என்று பொருள். வலது ஓரத்தில் நூலைச் சேர்க்கச் சொல்கிறது என்று நினைத்துத் துணியைத் திருப்பாமலே ஆரம்பித்தால், ஓர வேலைப்பாடு முழுக்க உள்பக்கம் போய் உட்காரும்.

ரைட் ஃப்ரன்ட் என்பது வேறு. இங்கே ரைட் நிஜமாகவே வலதுதான், ஆனால் போட்டுக்கொள்கிறவரின் வலது. முன்பக்கம் உங்களைப் பார்க்கும்படி கார்டிகனை மேசைமேல் விரித்தால் அது உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். பட்டன் துளையை எந்தப் பக்கம் வைப்பது என்பது இதைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு பக்கமும் துளை வைத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் தைத்து மூடினார். தைத்த அடையாளம் கடைசிவரை தெரிந்தது.

## ‘அட் த சேம் டைம்’

பேட்டர்னை முதலில் முழுக்கப் படியுங்கள். கைக்குழி குறைக்கும் நான்கு பத்தி முடிந்ததும் ‘அதே சமயம் கழுத்தையும் குறைக்கவும்’ என்று வந்து நிற்கும்.

## திரும்பப் போடும் கணக்கு

நட்சத்திரக் குறியிலிருந்து ‘ரிப்பீட் 5 மோர் டைம்ஸ்’ என்றால் ஏற்கெனவே போட்ட ஒன்றோடு சேர்த்து 6. அடைப்புக்குறிக்குள் கொடுத்து ‘5 டைம்ஸ்’ என்றால் மொத்தமே 5. வெறும் ‘ரிப்பீட் ஃப்ரம் ஸ்டார் 5 டைம்ஸ்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்வதும் 6-தான். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் வரிசைக் கடைசியில் கொடுத்திருக்கும் மொத்த ஸ்டிச் எண்ணிக்கையோடு சரிபாருங்கள்.

## செயினும் செயின் ஸ்பேஸும்

ஸ்பேஸ் என்றால் செயினுக்குக் கீழே இருக்கும் ஓட்டைக்குள் ஊசி போக வேண்டும். செயின் என்று மட்டும் இருந்தால் செயினின் லூப்பைக் குத்த வேண்டும். பூ வேலைப்பாட்டில் இதை மாற்றினால் இதழ் விரியாது.

அதோடு, ‘ஊசியிலிருந்து மூன்றாவது செயின்’ என்று எண்ணும்போது ஊசியில் மாட்டியிருக்கும் லூப்பைச் சேர்க்காதீர்கள்.

## எல்லா நூலையும் வுல் என்று விற்பது

போட்டதை விற்க ஆரம்பிப்பவர்களுக்கு இது. நம் பேச்சில் குரோஷே நூல் எல்லாமே உல்லன்தான், கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்காக இருந்தாலும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது வுல் என்றால் ஆட்டு ரோமம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ரோம நூல் விலை கூடியது. வெந்நீரில் போட்டு அலசினால் சுருங்கிக் கெட்டிப்படும் என்பதால் துவைக்கும் முறையும் வேறு. சிலருக்குத் தோலில் பட்டாலே அரிக்கும். நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தாலும், அக்ரிலிக்கை வுல் என்று விற்றால் பொருளைத் தவறாகச் சொல்லி விற்றதாகத்தான் ஆகும், காசைத் திருப்பிக் கேட்க அவருக்கு நியாயம் உண்டு.

பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் யார்ன். அக்ரிலிக் என்றால் அக்ரிலிக் யார்ன், பருத்தி என்றால் காட்டன் யார்ன். கலப்பு நூலாக இருந்தால் லேபிளில் இருக்கும் சதவீதத்தை அப்படியே எழுதுங்கள். லேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் நூல் வாங்கிய கடையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.